‘நமக்கெல்லாம் எதுக்குலே?’ – மனசுக்குள் கிடக்கும் முட்டுக்கட்டை பற்றி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து யானைக் கதையை எடுத்து விட்டார். உங்களுக்கும் தெரிந்திருக்கும். குட்டியாக இருக்கும்போது சங்கிலியில் கட்டிப் போட்ட யானை இழுத்து இழுத்துப் பார்த்து ஓய்ந்து போகும், வளர்ந்த பிறகு சாதாரணக் கயிற்றில் கட்டினாலும் அசையாமல் நிற்கும். “அந்தக் கயிறு உங்கள் மனதில்தான் இருக்கிறது, அறுத்தெறியுங்கள்!” என்று முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. வெளியே வரும்போது எனக்கு முன்னால் நடந்து போன ஒரு அண்ணாச்சி மகனைப் பார்த்து, “கேட்டேல்லா? அறுத்தெறியணும்” என்றார். பையன், “எத வச்சுப்பா அறுக்க?” என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அண்ணாச்சியிடமும் பதில் இல்லை, மேடையில் பேசியவரிடமும் இருந்திருக்காது. ‘மனத்தடை’ என்பதைப் பற்றி வாட்ஸ்அப் ஃபார்வர்டிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தி வரைக்கும் எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அது எப்படி உண்டாகிறது, ஏன் அவ்வளவு லேசில் போவதில்லை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தேரும் கட்டையும்

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரதவீதியில் நின்றால் கூட்டம் முழுக்க வடத்தைத்தான் பார்க்கும். நெல்லையப்பர் தேர் சுமார் 450 டன் என்பார்கள், இழுப்பது மனிதக் கைகள்தான், பார்க்கத்தான் தோன்றும். ஆனால் சக்கரத்தை ஒட்டிக் கையில் கட்டையோடு ஓடுகிறார்களே, அவர்களையும் கொஞ்சம் பாருங்கள். தேர் கோணிக்கொண்டு வீடுகளின் பக்கம் போனால், சரியான நொடியில் சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்துவார்கள், திருப்புவார்கள். அதுதான் முட்டுக்கட்டை. அது இல்லாமல் தேரோட்டமே கிடையாது. ஆனால் தேர் திரும்பிய பிறகும் கட்டை அங்கேயே கிடந்தால்? ஊரே வடம் பிடித்தாலும் நகராது. பின்னால் நிற்பவனுக்குக் கட்டை தெரியாது, ‘இழுக்கிறவங்களுக்கு வலு பத்தல’ என்றுதான் நினைப்பான்.

உளவியலில் ‘குறுக்கும் நம்பிக்கை’ என்று சொல்லத்தக்க ஒன்று உண்டு. நம்மைப் பற்றியோ, மற்றவர்களைப் பற்றியோ, உலகத்தைப் பற்றியோ எப்போதோ எடுத்த ஒரு முடிவு. அதை மறுபடி சோதித்துப் பார்க்காமலே உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி நம் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறோம். இனிமேல் அதை முட்டுக்கட்டை என்றே சொல்கிறேன். ஏனென்றால் அந்த முடிவு பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றத்தான் பிறந்திருக்கும். ஆறாம் வகுப்பில் எழுந்து நின்று தப்பாகப் பதில் சொல்லி, வகுப்பே சிரித்த பையன் ‘வாயைத் திறக்காவிட்டால் அவமானம் இல்லை’ என்று முடிவு செய்கிறான். அன்றைக்கு அது நல்ல புத்திதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அடுப்பு அணைந்து இருபது வருடம் ஆன பிறகும் சேராமல் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல்.

மண்டைக்குள் ஓடும் வரி

1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருந்தவர்களிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தார். வாயால் சொல்லும் பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு அவர்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நாமாக வரவழைக்காமல், சட்டென்று, ஒரு வரியில் வந்து போகும் அதற்குத் ‘தானியங்கி எண்ணம்’ என்று பெயர் வைத்தார். அதற்கும் கீழே, ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று இறுகிப்போய்க் கிடக்கும் தீர்ப்பு ‘அடிப்படை நம்பிக்கை’. ஆற்றில் மிதந்து வரும் தழையைப் போல எண்ணம் கண்ணுக்குத் தெரியும். தழை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்கிற நீரோட்டம் தெரியாது.

எங்கள் மைனியை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது அண்ணன் மனைவி. அம்பாசமுத்திரம் பக்கம், பதினைந்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். அவருடைய மகளிர் குழுவில் கணக்கு நோட்டு எழுத ஆள் தேடியபோது எல்லாரும் அவரைத்தான் கை காட்டினார்கள். அவர் சொன்னது, “ஐயையோ, தப்பாயிரும்.” இது தானியங்கி எண்ணம். “எனக்குக் கணக்கு வராது.” இது முட்டுக்கட்டை. அதையும் தோண்டிக்கொண்டே போனால், எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற கதையும், ‘நான் ஒரு மண்டு’ என்ற அடிப்படை நம்பிக்கையும் வரும்.

இதே மைனி ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள், கழித்துப் போட்டது எவ்வளவு, முன்பணத்தில் பிடித்தது போகக் கையில் எவ்வளவு வரவேண்டும் என்று மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார். பாஸ் புத்தகத்தில் ஏறிய தப்பை ஒருமுறை கடையிலேயே நின்று கண்டுபிடித்துத் திருத்த வைத்திருக்கிறார். “மைனி, அது கணக்குத்தானே?” என்று கேட்டால், “அது கணக்கா? அது பீடில்லா” என்பார்.

இந்த ஒரு பதிலில் பாதிக் கட்டுரை அடங்கியிருக்கிறது. அவரிடம் ஆதாரம் இல்லாமல் இல்லை, வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் அது கணக்கில் சேர்வதில்லை.

சரி, இதுவரைக்கும்: முட்டுக்கட்டை என்பது ஒரு காலத்தில் உதவிய பழைய முடிவு. அது சட்டென்று வரும் ஒரு வரியாக வெளியே தலை காட்டும், அடியில் தன்னைப் பற்றிய தீர்ப்பு ஒன்று கிடக்கும். எதிரான ஆதாரம் பக்கத்தில் கிடந்தாலும் அது கண்ணில் படாது.

அது ஏன் சாவதே இல்லை

டீக்கடையில் நண்பர்களிடம் இதைச் செய்து பாருங்கள். “என் மனசில் ஒரு விதி இருக்கிறது. 2, 4, 6 அந்த விதிக்குள் வரும். நீங்கள் வேறு மூன்று எண்கள் சொல்லுங்கள், வருமா வராதா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள்.” பெரும்பாலும் 8, 10, 12 என்பார்கள். வரும். 20, 22, 24? வரும். “ஆங், இரட்டைப்படை எண், ரெண்டு ரெண்டா கூடுது!” என்று துள்ளுவார்கள். தப்பு. விதி இவ்வளவுதான்: எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். 1, 7, 90 கூட வரும். தன் ஊகத்தை உடைக்கக்கூடிய ஒரு கேள்வியை அவர்கள் கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும், ஆனால் கேட்கத் தோன்றவில்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960ல் வெளியிட்ட சோதனை இது. ஏற்கெனவே நம்புவதற்கு ஒத்துவருவதை மட்டும் தேடுவதும் பார்ப்பதும் ‘உறுதிப்படுத்தல் சாய்வு’. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நம்மூரில் எப்போதோ சொல்லி வைத்துவிட்டார்கள்.

இது பாதிக் காரணம்தான். மீதிக்கு என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

நான் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் பிறந்தவன். வீட்டிலிருந்து ஆற்றங்கரை கூப்பிடு தூரம். முப்பத்தெட்டு வயது வரை எனக்கு நீச்சல் தெரியாது. ஆறு வயதில் மாமா ஒருத்தர், அந்தக் காலத்துப் பாடத்திட்டப்படி, படித்துறையிலிருந்து என்னைத் தூக்கி வீசினார். தண்ணீர் குடித்தேன், மூக்கெல்லாம் எரிந்தது, அவரே தூக்கிவிட்டார். அன்றைக்கு முடிவு செய்தேன்: எனக்குத் தண்ணி ஆகாது. அப்புறம் முப்பத்திரண்டு வருடம் படித்துறையில் உட்கார்ந்து செம்பில் மொண்டு குளித்தேன். ஒவ்வொரு நாளும் ஆற்றில் இறங்கவில்லை, ஒவ்வொரு நாளும் முங்கிச் சாகவில்லை, மனசு என்ன செய்தது என்றால் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘இறங்காததாலதான் பிழைச்சே’ என்று எழுதி வைத்துக்கொண்டது. இதுதான் ‘தவிர்ப்பு’: பயப்படும் இடத்துக்கே போகாமல் இருப்பது. போகாமல் இருந்தால் உடனே ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் கூலி. தவிர்த்ததற்குத் தினமும் கூலி கிடைத்துக்கொண்டிருந்தால் யார் நிறுத்துவார்கள்?

இறங்குகிறவர்களிலும் ஒரு ரகம் உண்டு. எங்கள் பக்கம் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழக்குவார்கள். என் சித்தப்பா மகன் ஒருத்தன் நன்றாக நீந்துவான், ஆனால் குடுக்கையை அவிழ்க்கவே மாட்டான். அவனைப் பொறுத்தவரை நீந்துவது குடுக்கை. இதைப் ‘பாதுகாப்புப் பழக்கம்’ என்கிறார்கள்: பயந்த காரியத்தைச் செய்துவிட்டாலும், செய்தது நானில்லை என்று நம்ப வைக்கிற ஒரு துணை. நேர்காணலுக்கு ஒவ்வொரு வரியையும் மனப்பாடம் செய்துகொண்டு போவது, கடைக்குப் போனால் பேசுவதற்கு எப்போதும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் சுரைக்குடுக்கைதான். பழகும்போது தேவை. அவிழ்க்காமலே இருந்தால் காரியம் நடக்கும், நம்பிக்கை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆக, ஒத்துவருவதை மட்டும் பார்க்கிற கண், சோதனைக்கே போகாத கால், போனாலும் பெருமையை வேறு எதற்கோ கொடுத்துவிடுகிற மனசு. இந்த மூன்றும் இருக்கும் வரை முட்டுக்கட்டை தானாக உளுத்துப் போகாது.

யானையை விடுங்கள், நாயைப் பாருங்கள்

மேடை யானைக்கு ஆய்வகத்தில் ஒரு நிஜமான உறவினர் உண்டு. 1967ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை (இன்றைக்கு இப்படிச் செய்ய அனுமதி கிடைப்பது கஷ்டம், படிக்கவே சங்கடமாக இருக்கும்). என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்அதிர்ச்சியை அனுபவித்த நாய்களைப் பிறகு வேறொரு பெட்டியில் விட்டார்கள். அங்கே ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். அவற்றில் பல தாண்டவே இல்லை, படுத்துக்கொண்டன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இதற்குப் பெயரானது.

மேடையில் சொல்லாமல் விடுவது அடுத்த பகுதியை. அந்த நாய்களை எப்படி மீட்டார்கள்? கூப்பிட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கழுத்தில் வாரைக் கட்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார்கள், மறுபடி மறுபடி. பலமுறை காலே அந்தப் பக்கம் போய் வந்த பிறகுதான் நாய் தானாகத் தாண்ட ஆரம்பித்தது.

இன்னொரு திருப்பமும் உண்டு. ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016ல், மூளை ஆய்வுகளை வைத்து அவர்கள் இருவருமே தங்கள் கருத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார்கள். நெடுநேரத் துன்பத்தில் உடல் சோர்ந்து கிடப்பது மூளையின் இயல்பான பதில், அதை யாரும் கற்பதில்லை. ‘இது என் கையில் இருக்கிறது’ என்பதைத்தான் மூளை அனுபவத்தால் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. முடங்கிக் கிடப்பவனிடம் குறை எதுவும் இல்லை, அவனுக்குக் கிடைக்காத ஒரு பாடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாச் சுவரும் மனசில் இல்லை

இங்கே கொஞ்சம் கோபமாகப் பேசப் போகிறேன். ‘எல்லாம் மனசுதான்’ என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தமாக ஒரு பைக்காவது இருக்கும். டவுனுக்கு வேலைக்குப் போவது நமக்குச் சரிப்படாது என்று ஒரு பெண் சொன்னால் அது முட்டுக்கட்டையாகவும் இருக்கலாம், சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கே போய்விடும் என்ற சரியான கணக்காகவும் இருக்கலாம். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, பலருக்கு அந்த ‘மனத்தடை’ ஒரே நாளில் காணாமல் போனது. மனசு அதேதான், டிக்கெட்தான் இல்லை. சாதி, கடன், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார், கடைசி பஸ் நேரம், இதெல்லாம் நிஜச் சுவர்கள். அவற்றின் முன்னால் நிற்பவரிடம் ‘உன் எண்ணத்தை மாற்று’ என்பது அயோக்கியத்தனம்.

ஆற்றில் கசம் இருக்கிறது, அதாவது சட்டென்று ஆள் மட்டத்துக்கு மேல் இறங்கும் ஆழமான மடு. நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்திருக்கிறது. கசத்துக்குப் பயப்படுவது புத்தி. முழங்கால் தண்ணீருக்கும் சேர்த்துப் பயந்தேனே, அதுதான் முட்டுக்கட்டை. பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: என் நிலைமையில் இருக்கிற, என்னைப் போன்ற வேறு யாராவது இதைச் செய்திருக்கிறார்களா? செய்திருந்தால், கட்டையாக இருக்கலாம். யாருமே செய்ய முடியவில்லை என்றால் சுவர்தான், அதற்குச் சங்கமோ சட்டமோ பஸ்ஸோ தேவை.

இன்னொன்று. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது இந்தக் கட்டுரையின் எல்லையைத் தாண்டியது. மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கண்ணாடி முன்னால் நின்று சொன்னால் ஆகாதா?

‘என்னால் முடியும்’ என்று தினமும் நூறு தடவை சொல்லச் சொல்வார்கள். 2009ல் கனடாவில் ஜோன் வுட்டும் உடன் ஆய்வாளர்களும் சிலரை ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு நன்றாக இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்மை. குறைவாக இருந்தவர்களுக்கு மனநிலை இன்னும் கீழே போனது. ஒரு ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், ஆனாலும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. நம்ப முடியாத வாக்கியத்தைச் சொன்னதும் உள்ளே இருந்து ‘சும்மா இருலே’ என்று ஒரு குரல் வரும், அதுதான் ஜெயிக்கும்.

அப்போ எத வச்சு அறுக்க?

ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977ல் ‘சுயதிறன் நம்பிக்கை’ பற்றி எழுதினார். குறிப்பிட்ட ஒரு காரியத்தை என்னால் செய்து முடிக்க முடியும் என்ற எண்ணம் அது. பொதுவான தன்னம்பிக்கையோடு இதைக் குழப்ப வேண்டாம். சொதிக் குழம்பு வைப்பதில் ராணியாக இருப்பவருக்கு ஸ்கூட்டர் ஓட்டுவதில் அது சுத்தமாக இல்லாமல் இருக்கலாம். இது நான்கு வழியில் வரும் என்றார். நாமே செய்து ஜெயிப்பது, நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, அடுத்தவர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடம்பு இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. பாம்பு என்றாலே நடுங்குகிறவர்களை வைத்து அவர் பார்த்தபோது, அடுத்தவர் பாம்பைத் தொடுவதை வெறுமனே பார்த்தவர்களைவிட, படிப்படியாகத் தாங்களே தொட்டவர்களுக்குத்தான் அதிகப் பலன். மேடைப் பேச்சு மூன்றாவது வழியில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்முறையாக்கினால் ‘நடத்தைச் சோதனை’: முட்டுக்கட்டையிடமிருந்தே ஒரு முன்கணிப்பை வாங்கி எழுதிக்கொண்டு, சின்னதாக ஒன்றைச் செய்து, நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுவது. எழுதுவது முக்கியம். இல்லாவிட்டால் மனசு பிறகு கணக்கை மாற்றிச் சொல்லிவிடும்.

மைனியிடம் இதைத்தான் கேட்டேன். “ஒரு மாசம் மட்டும் எழுதுங்க. எத்தனை தப்பு வரும்னு இப்பவே சொல்லுங்க.” ரொம்ப யோசிக்காமல், “அஞ்சாவது வரும். எல்லாளுவளும் சிரிப்பாளுவ” என்றார். காலண்டர் தாள் பின்னால் குறித்துக்கொண்டோம். பன்னிரண்டு பேர் சந்தா, மூன்று கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பெரிய கணக்கு இல்லை, வேண்டுமென்றேதான் சின்னதாக வைத்தது. அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன் என்றாள். அது சுரைக்குடுக்கை, முதல் வாரம் மட்டும் போதும் என்றேன். மாதக் கடைசியில் ஒரே ஒரு தப்பு, அதையும் அவரே கண்டுபிடித்து அடித்து எழுதியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஆச்சி மட்டும் தன் கடனுக்கு இன்னும் எவ்வளவு வட்டி நிற்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்.

மைனி திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். “சின்னக் கணக்கு தம்பி, அதான் வந்துட்டு” என்றார். முட்டுக்கட்டை இப்படித்தான் தப்பிக்கும், ஒரு சோதனையில் போகாது. அதனால் அடுத்த மாதத்துக்கும் முன்கணிப்பு வாங்கினேன்: மூன்று தப்பு. அதற்கடுத்த மாதம், “பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து எண் வராமல் போனது அன்றைக்குத்தான்.

என் கதையையும் முடித்துவிடுகிறேன். கார் நெல் சாகுபடிக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டிருந்த நேரம். இடுப்பளவு இடமாகப் பார்த்து, பக்கத்து வீட்டு ஒன்பது வயதுப் பையனை வாத்தியாராக வைத்துக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் முன்கணிப்பு ‘மூச்சு முட்டிச் சாவேன்’. நடந்தது: கொஞ்சம் தண்ணீர் குடித்தேன், வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்று வாரத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போனேன், நாய் நீச்சல்தான். கசத்துப் பக்கம் இன்றைக்கும் போவதில்லை, போகவும் மாட்டேன்.

போன மாதம் மைனியோடு அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் சீட்டை நீட்டினார். மைனி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, உளுந்தை ரெண்டு தடவ போட்டிருக்கீய” என்றார். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினார். வெளியே வந்ததும் நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தேன். “என்னத்துக்குச் சிரிக்க? எனக்குக் கணக்கு வராதுன்னு ஊருக்கே தெரியும்” என்று சொல்லிக்கொண்டே மீதிச் சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்தார்.